வாத்துக்குத் தீவனத்தைக் குறைக்கலாமா, வயிறார விடலாமா?

கறி வாத்துப் பண்ணையில் செலவு பெரும்பாலும் தீவனத்துக்கே போகிறது. 60 முதல் 70 சதவீதம் வரை. அதனால் ‘கொஞ்சம் குறைத்துப் போட்டால் என்ன?’ என்ற கேள்வி வரத்தான் செய்யும். குறைக்கலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் எந்த வயதில் குறைக்கிறோம் என்பதில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது.

தீவனத் தொட்டி எப்போதும் நிறைந்திருந்தால், கறிக்காக வளர்க்கும் வெள்ளை இனமான பெக்கின் வாத்து ஆறேழு வாரத்தில் 3 கிலோவைத் தாண்டிவிடும். உயிர் எடைக்கு விற்பவர்களுக்கு இதை மிஞ்சிய வழி இல்லை. உரித்துப் பார்த்தால்தான் வேறு கதை தெரியும். வாத்து நீர்ப்பறவை, குளிரைத் தாங்கத் தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்து வைப்பது அதன் இயல்பு. உரித்த எடையில் சுமார் கால்பங்கு தோலும் அதன் அடிக்கொழுப்புமாகவே போய்விடும்.

அளவாகக் குறைத்தால் எடையும் குறையும், அதைவிடக் கூடுதலாகக் கொழுப்பு குறையும். தசையில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிராம் கொழுப்பு சேர்க்க ஆகும் தீவனத்தைவிட ஒரு கிராம் தசைக்கு ஆகும் தீவனம் மிகக் குறைவு. அப்படியானால் குறைப்பதே லாபம் என்று தோன்றும். ஆனால் குறைந்துபோன எடையை ஈடுகட்ட வாத்தைக் கூடுதலாக ஒரு வாரம் வைத்திருந்தால், அந்த ஏழு நாளும் அது உயிரோடு இருப்பதற்கே தீவனம் தின்னும். மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும்.

வயதுக் கணக்கைத்தான் பலர் கவனிப்பதில்லை. வாத்துக்குக் காலும் தொடையும் முதலில் வளரும், நெஞ்சுக்கறி கடைசியில்தான் திரளும். மூன்று வார வயதில் நெஞ்சைத் தடவினால் எலும்புதான் தட்டுப்படும். நான்காம் வாரத்துக்குப் பிறகுதான் சதை வேகமாகப் பிடிக்கும். அதனால் கடைசி வாரங்களில் குறைத்தால் கொழுப்போடு நெஞ்சுக்கறியும் போய்விடும். இரண்டாம் வாரத்தில் சில நாட்கள் மிதமாகக் குறைத்துவிட்டு, அப்புறம் தாராளமாக விட்டால், இழந்த எடையில் பெரும்பகுதியை அது பிடித்துவிடும். உடல் பாரம் மெதுவாக ஏறுவதால் காலுக்கும் நல்லது. முதல் வாரத்தில் மட்டும் கை வைக்கவே கூடாது. குடலும் மற்ற உறுப்புகளும் உருவாகும் நேரம் அது.

கறியின் தரத்தைப் பொறுத்தவரை, மிதமான குறைப்பால் மென்மையில் பெரிய வித்தியாசம் வராது. கடுமையாகக் குறைத்தால் தசைக்குள் இருக்கும் கொழுப்பும் வற்றி, சமைக்கும்போது கறி வறண்டுபோகும். வாத்துக்கறியின் மணமே கொழுப்பில்தான் இருக்கிறது. வயது கூடக்கூட நாரும் கெட்டிப்படும்.

எப்படிக் குறைப்பது? நேரத்தைக் கட்டுப்படுத்தினால் தொட்டி வந்ததும் அவசரமாக விழுங்கித் தீர்க்கின்றன. அளவைக் குறைத்தால் வலுத்தது தின்றுவிடும், இளைத்தது பட்டினி கிடக்கும். கூட்டத்தின் எடை ஒன்றுபோல் இருக்காது. எல்லாம் ஒரே நேரத்தில் நின்று தின்னத் தொட்டி நீளம் இருந்தால் மட்டுமே இது சரிப்படும். தவிடோ உமியோ கலந்து சத்தை நீர்க்கச் செய்தால் வாத்து கூடுதலாகத் தின்று ஈடுகட்டப் பார்க்கும். இந்த வழியில் நான் அஞ்சுவது நியாசின் என்ற பி வைட்டமின் குறைந்துவிடுமே என்றுதான். கிலோ தீவனத்துக்குக் கோழிக்குஞ்சுக்கு 35 மில்லிகிராம் நியாசின் என்றால் வாத்துக்குஞ்சுக்கு 55 வேண்டும்; குறைந்தால் கால் வளைந்துவிடும். மூன்றில் எனக்குப் பிடித்தது, தொட்டி போதுமான அளவு இருந்தால், அளவைக் குறைப்பதுதான்.

இன்னொன்று, பசித்த வாத்து பூசணம் பிடித்த தீவனத்தையும் விடாது. அந்தப் பூசணத்தில் உருவாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு அதற்கு எமன், கோழி தாங்கும் அளவைக்கூட அது தாங்காது. அதனால் குறைப்பு நாட்களில் தொட்டியை மிச்சமில்லாமல் வழித்துச் சுத்தம் செய்ய வேண்டும். தண்ணீரில் ஒரு நாளும் குறைவு வைக்கக் கூடாது.

மஸ்கோவி என்ற வேறு வகை வாத்தை வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். அதில் கொழுப்பு இயல்பாகவே குறைவு; குறைத்து ஆகப்போவது அதிகமில்லை. இனப்பெருக்கத்துக்கு நிறுத்தும் பெக்கின் வாத்துகளுக்கோ தீவனக் கட்டுப்பாடு கட்டாயம். கொழுத்தால் முட்டையும் குறையும், கருவளமும் குறையும்.