பால்கனி கம்ப்ரெஸரும் ஆண்டரால் 500 ஆயிலும்

மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். அந்தத் துப்பாக்கி சிலிண்டரில் 200 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் போல சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் யாரிடமாவது போய் நிற்க முடியாது என்று 300 பார் வரை போகும் சின்னக் கம்ப்ரெஸர் ஒன்றை வாங்கி வேளச்சேரி வீட்டு பால்கனியில் வைத்தேன். மெஷினில் குறையில்லை. ஆயிலில்தான் மாட்டிக்கொண்டேன்.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் கேட்டபோது, "எல்லாம் ஒண்ணுதான் சார், பைக்குக்கு ஊத்துறதையே ஊத்துங்க" என்று 20டபிள்யூ-40 டப்பாவை நீட்டினார். மெஷினோடு வந்த புத்தகத்தைப் பார்க்காமல் நானும் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் ஆயில் பால் டீ நிறத்துக்கு வந்துவிட்டது, 200 பாரைத் தொட எடுக்கும் நேரமும் கூடிக்கொண்டே போனது. மெக்கானிக் ஹெட்டைக் கழற்றினால் வால்வு முழுக்கக் கரி, தோசைக்கல்லின் அடியில் அப்பியிருக்குமே, அது மாதிரி.

இஞ்சின் ஆயிலில் அழுக்கையும் ஈரத்தையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும் டிடர்ஜென்ட் சரக்கு இருக்கிறது. வண்டிக்கு அது நல்லது, இங்கே தண்ணீர் தனியாகப் பிரிந்தால்தான் வடிக்க முடியும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும், 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர். இன்னொன்று, 300 பாரில் ஆக்சிஜனின் பங்கு மட்டுமே 60 பாரைத் தாண்டும். அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் தப்பான ஆயிலின் ஆவி கருகி வால்வில் ஒட்டும், கெட்ட நேரமென்றால் டீசல் இஞ்சினில் நடப்பதுபோல உள்ளேயே பற்றிக்கொள்ளும்.

அப்புறம்தான் கம்ப்ரெஸருக்கென்றே வரும் ஆண்டரால் 500 ஆயிலை வாங்கினேன். டைஎஸ்டர் என்ற எஸ்டர் வகைச் செயற்கை ஆயில், விஜி 100 (எண் கூடக்கூட ஆயில் கெட்டி). அந்தப் புத்தகத்தில் விஜி 46 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் என்றுதான் போட்டிருந்தது, ஆனால் நம்ம ஊர் மே மாதத்துக்கு அது ரொம்பத் தண்ணியாக எனக்குப் பட்டதால், விற்றவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு மாறினேன். கேட்காமல் மாற்றாதீர்கள்.

ஒரு கோடை முழுக்க ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தோம். வால்வில் லேசான பழுப்புக் கறை, துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஆயில் தேன் நிறத்திலேயே இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆயில்.

குறை இல்லாமல் இல்லை. விலை பைக் ஆயிலைப் போலப் பல மடங்கு. எஸ்டர் என்பதால் கசிவைத் தடுக்கும் சாதாரண ரப்பர் வளையம் (ஓ-ரிங்) ஊதிப்போகும், பெயின்ட் மேல் சிந்தினால் உரியும், எனக்கு ஒரு ஓ-ரிங் கெட்டுப்போய், இந்த ஆயிலைத் தாங்கும் வைட்டன் (Viton) ரப்பர் ரிங் போட வேண்டியதாயிற்று. பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போதே முழுக்க வடித்துவிட்டு ஊற்றுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளுமாம், அதனால் மூடியை இறுக்கி பீரோ மேல் வைத்திருக்கிறேன், வீட்டம்மாவின் முறைப்பைச் சகித்துக்கொண்டு.