பச்சை மை என் கைக்கு வந்தது: ‘சூசரெய்ன்’ விளையாட்டு

முப்பத்தொரு வருடம் கலெக்டர் ஆபீஸில் ஃபைல் கொண்டுபோய் வைத்தவள் நான். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். குறிப்பு எழுதுவது நாங்கள், பச்சை மையில் முடிவு எழுதுவது அவர்கள். பணி முடிகிறவரை அதுதான் ஏற்பாடு. மகன் தன் பழைய லேப்டாப்பில் ‘சூசரெய்ன்’ என்று ஒன்றைப் போட்டுக்கொடுத்து, “இதுல சுடுறதெல்லாம் இல்லம்மா, படிச்சுப் படிச்சுக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்” என்றான். சரி, அது நமக்குத் தெரிந்த வேலைதானே என்று உட்கார்ந்தேன். இரண்டு மாதம் ஆகிறது.

பெர்லினில் இருக்கும் டோர்பர் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட விளையாட்டு இது. சோர்ட்லாந்து என்று எந்த உலகப் படத்திலும் இல்லாத ஒரு குடியரசு. வருடம் 1954. நாம் அதன் நான்காவது அதிபர் ஆன்டன் ரெய்ன். திரையில் நாட்டு வரைபடம் விரிந்து கிடக்கும். ஊர்மேல் தட்டினால் அங்கே ஒரு பேச்சு தொடங்கும். நாம் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் நான்கு லட்சம் வார்த்தை என்கிறார்கள். நம்பலாம், என் கண் அறியும்.

கதை ரெய்னோடு தொடங்குவதில்லை. முடியாட்சி விழுந்து, உள்நாட்டுப் போர் நடந்து, டார்க்வின் சோல் என்ற ராணுவக்காரர் ஆட்சியைப் பிடித்து நீண்ட காலம் ஆண்டிருக்கிறார். அரசியல் சட்டமும் அவர் எழுதியதே. அவருக்குப் பின் வந்த அல்ஃபோன்சோ சந்தையைத் திறந்துவிட்டார், பொருளாதாரம் படுத்துவிட்டது. அந்தப் படுக்கையில்தான் நமக்கு நாற்காலி. சோல் பதவியில் இல்லை, ஆனால் கட்சியில் பாதிப் பேர் இன்னும் அவர் ஆட்கள். மாற்றலாகிப் போன அதிகாரியின் பழக்கம் செக்‌ஷனில் அடுத்த பத்து வருடம் ஓடுமே, அப்படி. இதை எழுதியவர்கள் எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தார்களோ தெரியாது, ஆனால் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மேஜைதான். மசோதா வரும். படிக்கலாம். கையெழுத்துப் போடலாம், இல்லையென்றால் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். மூன்றாவது வழி கிடையாது. எங்கள் ஆபீஸில் தர்மசங்கடமான ஃபைல் வந்தால் ஓரத்தில் “பேசவும்” என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். அந்த ஒரு சொல் ஆறு மாதம் வாங்கித் தரும். இங்கே “பேசவும்” இல்லை. முதல் நாள் ராத்திரி ஒரு மசோதாவை முன்னால் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் இருந்தேன். குறிப்பில் எது விட்டுப்போயிருக்கும் என்று தேடுவது என் தொழில் புத்தி. கீழே இருந்து தேடுவது எளிது, மேலே உட்கார்ந்தால் யார் எழுதிய குறிப்பு என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. என் அதிகாரிகள் சிலர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. ஒருவர்மேல் மட்டும் இன்னும் இருக்கிறது.

இன்னொரு சாமர்த்தியம்: மேலே தெரியும் எண்கள் அரசு நிதியும் நம் சொந்தப் பணமும்தான். மக்கள் நம்மை எவ்வளவு விரும்புகிறார்கள் என்று காட்டும் மீட்டர் எதுவும் இல்லை. பத்திரிகை படித்துத்தான் ஊகிக்க வேண்டும். ‘ஹோல்சோர்ட் போஸ்ட்’ ஒன்று சொல்லும், ‘ராடிகல்’ வேறு சொல்லும். தினம் காலையில் செய்தித் துணுக்கு வெட்டி ஒட்டி அனுப்பிய கை இது. அதனால் இந்தப் பகுதியை நான் யாரையும் கேட்காமலே விளையாடினேன்.

பெர்ஜியா மாகாணத்தில் ப்ளூடிஷ் என்ற சிறுபான்மையினர் இருக்கிறார்கள். உள்துறை அமைச்சர் லிலியாஸ் கிராஃபுக்கு அது போலீஸ் விஷயம். அந்த மக்களுக்கு அது வாழ்க்கை. பக்கத்து நாடான ரம்பர்க்கின் ராணி முறைத்துக்கொண்டிருக்கிறார், ராணுவத்துக்குப் பணம் வேண்டும். அதே பணத்தைப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கேட்கின்றன. வீட்டில் மனைவி மோனிகா பெண்கள் உரிமைக்காக வெளியே வந்து பேச விரும்புகிறாள். முதல் ஆட்டத்தில், கட்சிக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்று அவளைத் தள்ளிப்போடச் சொன்னேன். நான்! முப்பத்தொரு வருடம் அந்தப் பதிலைக் கேட்டவள்.

எல்லாருக்கும் நல்லவளாக இருக்கப் பார்த்ததில் என் அரசியல் சட்டத் திருத்தம் மண்ணைக் கவ்வியது. பழைய ஆட்களுக்கு அது அதிகம், சீர்திருத்தம் கேட்டவர்களுக்குக் குறைவு. வாக்கெடுப்பு அன்று மனம் உண்மையாகவே படபடத்தது. மகன் வந்து விளக்கைப் போட்டபோது மணி ஒன்றரை.

குறை உண்டு. தமிழ் கிடையாது, எல்லாம் ஆங்கிலம், அதுவும் பொருளாதார ஆங்கிலம். ஆட்களின் பெயர் மனதில் நிற்க நான் ஒரு பழைய டைரியில் பட்டியல் போட்டேன். ஒரு சொல்மேல் அம்புக்குறியை வைத்தால் விளக்கம் வரும், அது பெரிய உதவி. நடுப்பகுதியில் சந்திப்புக்குமேல் சந்திப்பு வந்து, மாதாந்திர ஆய்வுக்கூட்டத்தில் உட்கார்ந்த அலுப்புத் தட்டும். வேகமாக ஏதாவது நடக்க வேண்டும் என்பவர்கள் காசைச் செலவழிக்காதீர்கள். நாளிதழில் தலையங்கம் படிக்கிற பழக்கம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். சலுகை விலைக்கு அடிக்கடி வருகிறது என்கிறான் மகன். எனக்கு அவன்தான் வாங்கினான், விலை கேட்டதற்குச் சொல்லவில்லை. 2024இல் ரிசியா என்ற ராஜ்ஜியத்தை வைத்துக் கூடுதல் பகுதியும் வந்திருக்கிறதாம். அதை இன்னும் தொடவில்லை.

இப்போது இரண்டாவது ஆட்டம். நெடுஞ்சாலையா ரயில் பாதையா என்பதில் போன தடவை எடுத்த முடிவையே எடுத்திருக்கிறேன். மோனிகா நேற்று ராத்திரி மறுபடி கேட்டாள். இந்த முறை உடனே சரி என்றேன்.