மதுரையில் படம் எடுக்க: என் ஓட்டு சமணர் மலைக்கு

கல்லூரியில் சேர்ந்த புதிதில் எல்லோரையும் போல நானும் முதலில் திருமலை நாயக்கர் மகாலுக்குத்தான் ஓடினேன். 1636-இல் கட்டியது, அந்தத் தூண்களுக்கு நடுவே யார் நின்றாலும் படம் நன்றாக வரும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனால் பின்னால் பத்துத் தலை தெரியாமல் ஒரு படம்கூடத் தேறாது. மீனாட்சியம்மன் கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, கோபுரத்தை வெளியே நின்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் ஒரு நண்பன் வண்டியில், சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போனான். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் (சமண சமயப் பெரியோர்) சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் அந்த எழுத்தின் ஒவ்வொரு கீறலும் படத்தில் தெரிகிறது, உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும், அதனால் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். எங்களுக்கு ஆன செலவு பெட்ரோலும் இரண்டு டீயும்தான்.

குறை? தண்ணீர் எடுத்துப்போகாமல் நாக்கு வறண்டு இறங்கினோம், அது எங்கள் தப்பு. பாறை இடுக்கில் உடைந்த பாட்டில் கிடந்தது, பார்த்துக் கால் வையுங்கள். சிற்பத்தின் மேலேயே சாய்ந்து போஸ் கொடுப்பவர்களைப் பார்த்தால்தான் கடுப்பாகிறது.