டிக்கிக்குப் போன பேட்டரி: எர்த்தை பாடியில் கொடுப்பதா, தனிக் கேபிள் இழுப்பதா?

பேட்டரியை டிக்கிக்கு மாற்றியாயிற்று. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள், செல்ஃப் மோட்டாரையும் கழற்றாதீர்கள். பழுது பெரும்பாலும் மைனஸ் போகும் வழியில்தான் இருக்கும்.

விளக்குக்கும் ஹாரனுக்கும் சில ஆம்பியர் போதும். சின்ன பெட்ரோல் இன்ஜினைச் சுற்றவே 100 முதல் 150 ஆம்பியர் வரை வேண்டும். டீசல் என்றால் 250-ஐயும் தாண்டும். கம்பெனி ஃபிட்டிங்கில் பேட்டரி மைனஸிலிருந்து தடித்த கேபிள் ஒன்று நேராக இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும், மெல்லியது ஒன்று பாடிக்குப் போகும். அந்த இரண்டும் சேர்ந்த இடமே பேட்டரி டெர்மினல்தான். அதைக் கழற்றிவிட்டு, டிக்கித் தரையில் புது மைனஸை போல்ட் போட்டால், இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உருப்படியான இணைப்பே இல்லாமல் போய்விடலாம். அப்போது கரண்ட் கிடைத்த வழியில் பாயும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிளோ கியர் கேபிளோ சூடாகிப் புகைந்தால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான்.

சோதிப்பது சுலபம். ஜம்ப் கேபிளின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும், மறுமுனையை பானெட்டுக்குள் பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டிலும் கவ்வ வையுங்கள். வண்டி உடனே எடுத்தால், விடுபட்டது இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. எடுக்காவிட்டால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி ஃப்யூயல் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும் (மீட்டர் ஒயர் எட்டாது, நீட்டிக்கொள்ளுங்கள்). பேட்டரி மைனஸ் போஸ்ட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட்டைத் தொட்டால் எங்கோ அடைப்பு. ப்ளஸ் போஸ்ட்டிலிருந்து செல்ஃபின் தடித்த டெர்மினல் வரை 0.5-க்குள் இருக்கட்டும். செல்ஃப் அடிக்காமல் சும்மா அளந்தால் எல்லாமே சுழியம் காட்டி ஏமாற்றும்.

பாடி வழி எர்த்

செலவு குறைவு. டிக்கியில் அரை மீட்டர் கேபிள், முன்னால் இன்ஜினுக்கும் பாடிக்கும் 35 ஸ்கொயர் எம்எம் பட்டை ஒன்று, அவ்வளவுதான். பாடித் தகட்டின் குறுக்களவு பெரியது, அதனால் தகட்டுக்குள் இழப்பு சொற்பம், இழப்பெல்லாம் இணைப்புகளில்தான். பெயின்டை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, லக்கை (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, பல் வாஷரோடு எம்8 போல்ட்டில் இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயின்டோ பூச வேண்டும். இன்ஜின் ஆடும், பட்டையில் கொஞ்சம் தொய்வு விடுங்கள்.

இதன் எதிரி உப்புக் காற்று. வட சென்னையில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இரவெல்லாம் வெளியே நிற்கும் வண்டியில் லக்குக்கு அடியில் துரு சத்தமில்லாமல் ஏறும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றிப் பார்ப்பவருக்குத்தான் இது சரிப்படும்.

தனி மைனஸ் கேபிள்

‘தனியாக இழுத்தால் பிரச்சினையே இல்லை’ என்பார்கள். கேபிள் மெலிதாக இருந்தால், ஒழுங்காகச் செய்த பாடி எர்த்தைவிட இது மோசம். 5 மீட்டர் சுத்தத் தாமிரம், 150 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 25 ஸ்கொயர் எம்எம்மில் சுமார் 0.5 வோல்ட் போகிறது, 35-ல் 0.4-க்குச் சற்றுக் கீழே, 50-ல் 0.26. ப்ளஸ், மைனஸ் இரண்டுமே இவ்வளவு நீளம் என்பதால் எல்லாம் இரட்டிப்பு. 25-ஐ இரு பக்கமும் போட்டால் 1 வோல்ட் வழியிலேயே காலி.

பாரிமுனைப் பக்கம் எலக்ட்ரிகல் கடைகளில் வெல்டிங் கேபிள் மீட்டர் கணக்கில் கிடைக்கும். வளைக்க வசதி, வேலைக்கும் ஏற்றது. ஆனால் அலுமினியத்திலும் அது வருகிறது, தாமிர முலாம் பூசிய அலுமினியமும் உண்டு. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம், இழப்பு ஒன்றரை மடங்கு. லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டியது கொஞ்ச நாளில் தளரும்.

பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு பாடி எர்த்தே போதும், மிச்சப் பணத்தை 50 ஸ்கொயர் எம்எம் ப்ளஸ் கேபிளில் போடுங்கள். டீசலோ, கடலோரத்திலேயே நிற்கும் வண்டியோ என்றால் தனி மைனஸையும் 50-ல் இழுத்து, இரு முனையிலும் பாடியோடு சேர்ப்பதுதான் சரி. எந்த வழியானாலும் ப்ளஸ் கேபிளில் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் வேண்டும், தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் புஷ் வேண்டும். திரவ ஆசிட் பேட்டரி என்றால் வாயு வெளியேற டியூப்பும் கட்டாயம்.

வியாசர்பாடி பக்கம் தேங்கும் தண்ணீருக்குப் பயந்து மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிக்கியில் ஸ்டெப்னி குழி முன்பக்க பேட்டரித் தட்டைவிடத் தாழ்வு, அதற்குள் பேட்டரியை வைத்தால் பயனில்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? பழைய ப்ளஸ் டெர்மினலோடு இருந்த மெல்லிய ஒயரோ, இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எர்த்தோ இணைக்கப்படாமல் பானெட்டுக்குள் தொங்குகிறதா என்று பாருங்கள்.