பாட்டி தூக்காத நேரத்தில் பிள்ளை எப்படிப் போவான்?

மகனுக்கு அஞ்சரை வயது. சி.பி., அதாவது மூளை பாதிப்பால் கைகால் அசைவு சிரமமாகிற பெருமூளை வாதம், இரண்டு காலிலும் இறுக்கம். குலசேகரத்தில் இருந்து பஸ் பிடித்து நாகர்கோவிலில் இறங்கி ஆட்டோவில் இந்தத் தெரபி சென்டருக்கு இதுவரை மூன்று தடவை வந்துவிட்டோம். தெரபி எப்படி என்று சொல்ல இன்னும் நாளாகும், அதனால் மதிப்பீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முன்னால் வேறோர் இடத்தில் (பெயர் வேண்டாம்) பிள்ளையை என் மடியை விட்டு இறக்காமலே பத்து நிமிஷத்தில் 'சிவியர்' என்று எழுதித் தந்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை.

இங்கே முதலில் எங்கள் கையில்தான் ஒரு தாளைத் தந்தார்கள். ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று, சி.பி. உள்ள பிள்ளை எப்படி நடமாடுகிறது என்பதை வைத்துப் பிரிக்கிற ஐந்து நிலை, கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1997-ல் கொண்டுவந்தது. முதல் நிலைப் பிள்ளை எதையும் பிடிக்காமல் நடக்கும், படி ஏறும். ஐந்தாம் நிலையில் தலை நிற்கவே சிரமம். இதில் பெற்றோர் நிரப்புகிற படிவம் வயது வாரியாகத் தனியாக இருக்கிறது, நம் பிள்ளைக்குப் பொருந்துகிற ஒரே ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். எங்களுக்குத் தந்தது இங்கிலீஷ் படிவம். வரவேற்பில் இருந்த பெண் வாசித்து விளக்கினார், ஆனால் போன் அடித்தால் பாதியில் எழுந்து போய்விடுவார்.

என் வீட்டுக்காரர் 2 என்றார், நான் 3 என்றேன். அங்கேயே சண்டை. "வாக்கர் இல்லாம ஏழெட்டு அடி வைக்கிறானே, நீ பாத்ததில்லையா?" என்று அவர். நடுவில் மாமியார், "அவன் எங்க நடக்கியான், நாந்தான தூக்கிட்டு நடக்கியேன்" என்றார். இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தெரபிஸ்ட் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார்: "பாட்டி தூக்காத நேரத்துல பிள்ளை அடுக்களையில இருந்து திண்ணைக்கு எப்படிப் போவான்?"

மூன்று பேருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்து யோசித்துச் சொன்னோம். அடுக்களை வாசல் வரை முட்டுக்காலில் போவான், அப்புறம் சுவரைப் பிடிப்பான், வாக்கர் பக்கத்தில் இருந்தால் வாக்கர், பள்ளியில் எப்போதும் வாக்கர்தான், முற்றம் செம்மண், மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும், அப்போது தூக்கத்தான் வேண்டும். அப்படியானால் 3 என்றார் தெரபிஸ்ட். ஒருநாள் உற்சாகத்தில் செய்து காட்டியதை வைத்து நிலை சொல்வதில்லை, வீட்டிலும் பள்ளியிலும் வழக்கமாக என்ன செய்கிறான் என்பதை வைத்துத்தானாம். அதனால்தான் முதலில் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. எனக்கும் ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அடுத்தது ஜி.எம்.எஃப்.எம். இது வேறு, பிள்ளையைச் செய்ய வைத்துப் பார்த்து மார்க் போடுகிற சோதனை. படுத்துப் புரள்வதில் தொடங்கி ஓடிக் குதிப்பது வரை 88 அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மூன்று வாய்ப்பு உண்டு. காலில் கட்டுகிற ஸ்பிளின்ட்டைக் கழற்றி வெறுங்காலோடு பாயில் விட்டார்கள். பெஞ்சைப் பிடித்து எழ வைக்க ஆசை காட்ட ஏதாவது வேண்டும் என்றதும் மாமியார் பையில் இருந்து மட்டிப்பழம் வந்தது. வலது காலை ஊன்றி எழுந்துவிட்டான். இடது பாதம் உள்பக்கம் திரும்பி, குதிகால் தரையில் படாமல் நிற்கிறது. இரண்டு கையும் பெஞ்சில், பழத்தை எடுக்க ஒரு கையை விட வேண்டும். பழத்தைப் பார்க்கிறான், கையைப் பார்க்கிறான். கடைசியில் நெஞ்சைப் பெஞ்சில் சாய்த்து எடுத்தே விட்டான். பெற்ற நானே அந்த இடது பாதத்தை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். நிலை பெரும்பாலும் மாறாது, பயிற்சியில் மாறுவது இந்த மார்க். 3-ஐ 2 ஆக்கித் தருவீர்களா என்று நாங்களும் கேட்டோம், மாட்டோம் என்று நேராகச் சொன்னார்கள். அது பிடித்திருந்தது. நிலை கூடக் கூட இடுப்பு மூட்டு விலகுகிற ஆபத்தும் கூடுமாம், அதனால் அவ்வப்போது இடுப்பு எக்ஸ்ரே பார்க்கச் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் இதை எங்களிடம் யாரும் சொன்னதில்லை. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் எடுத்தோம், இப்போதைக்குப் பயமில்லை.

குறை இருக்கிறது. பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள், அதற்குள் பிள்ளை தூங்கி வழிந்து, முதல் நாள் மதிப்பீடு பாதியில் நின்றது. மறுபடி வந்ததற்குப் பணம் வாங்கவில்லை, சரி. ஆனால் பஸ் காசும், ரப்பர் வெட்டு முடங்கிய ஒரு நாள் கூலியும் எங்கள் கையை விட்டுத்தானே போனது. வாசல் சரிவுப்பாதை செங்குத்து, மழையில் டைல்ஸ் வழுக்குகிறது, நடக்க முடியாத பிள்ளைகள் வருகிற இடத்தில் இது என்ன கணக்கோ. ஒரு ஸ்டார் அதற்குத்தான் குறைத்தேன். ரிப்போர்ட்டும் இங்கிலீஷ்தான். கேட்டதும் தெரபிஸ்ட் பின்பக்கத்தில் டீச்சருக்காகத் தமிழில் நாலு வரி எழுதித் தந்தார்.

போகிறவர்கள் பிள்ளைக்கு அரைக்கால் நிக்கர் போட்டுவிடுங்கள், ஏதாவது தின்னக் கொண்டு போங்கள். வீட்டில் அவன் சும்மா போய் வருவதை அவனுக்குத் தெரியாமல் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், அங்கே அதையும் கேட்கிறார்கள்.