நான்கு வருட மன ஒத்திகை: எது உதவியது, எது உதவவில்லை

பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் எழுந்து பேச வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்பே எனக்கு வயிற்றைக் கலக்கும். ராத்திரி படுத்ததும் படம் ஓடத் தொடங்கிவிடும்: வாய் உலர்கிறது, சொல்ல வந்தது மறந்துபோகிறது, பின்வரிசையில் ஒருவர் கைபேசியை எடுத்துப் பார்க்கிறார். இதை மாற்றத்தான் நான்கு வருடங்களுக்கு முன்பு மனக்காட்சிப் பயிற்சியில் இறங்கினேன். இன்னும் விடவில்லை. ஆனால் அன்று செய்ததற்கும் இன்று செய்வதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

முதல் ஆறு மாதம் எல்லோரும் சொல்கிற மாதிரியே செய்தேன். கண்ணை மூடினால் கைதட்டல், பாராட்டு, மேலதிகாரி வந்து கை குலுக்குவது. சுகமாகத்தான் இருந்தது, அந்தச் சுகம்தான் வினை. பேச்சைத் தயார் செய்ய உட்காரவே தோன்றாது. ஏற்கெனவே பேசி முடித்துவிட்ட நிறைவு வந்துவிடும். காபிரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் வருடக்கணக்கில் இதைத்தான் ஆராய்ந்தார் என்று பிற்பாடு படித்தேன். ஹெதர் காப்பஸுடன் சேர்ந்து 2011இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, விரும்பியது அப்படியே நடந்துவிட்டதாகக் கனவு காண்பது நம் உற்சாகத்தை வடிய வைக்கிறது; ரத்த அழுத்தத்தில்கூட அந்தத் தளர்ச்சி தெரிந்ததாம். அடடா, நம்ம கதை என்று நினைத்துக்கொண்டேன்.

கெட்ட எண்ணம் வந்தால் உடனே துரத்து என்பது இன்னொரு அறிவுரை. மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டி, எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டிவிட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம். டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடக்கியவர்களைப் பிறகு தாராளமாக நினைக்கச் சொன்னபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். என் கரடி அந்தப் பின்வரிசைக்காரர்.

திருப்பம் வந்தது இன்னோர் ஆய்வைப் படித்தபோது. லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் 1999இல் வெளியிட்டது. தேர்வுக்கு முன்னால் மாணவர்களில் ஒரு பிரிவினர் நல்ல மதிப்பெண் வாங்கியதாகத் தினமும் கற்பனை செய்தார்கள். இன்னொரு பிரிவினர் உட்கார்ந்து படிப்பதையே கற்பனை செய்தார்கள். இரண்டாம் பிரிவினர்தான் கூடுதல் நேரம் படித்தார்கள், நன்றாகவும் எழுதினார்கள். சரி, கைதட்டலை விட்டுவிட்டு அதற்கு முன்னால் நடப்பதைப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில், பயத்தைத் தாளில் ஒரே வரியாக எழுதுவேன்: "நடுவில் மறந்துவிடும்." அடிக்க மாட்டேன், அப்படியே இருக்கட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்குவேன். நடுவில் மறக்கத்தான் செய்கிறது. தண்ணீர்ப் புட்டியைத் திறக்கிறேன், ஒரு வாய் குடிக்கிறேன், குறிப்பில் அடுத்த வரியைத் தேடுகிறேன், தொடர்கிறேன். பின்வரிசைக்காரர் கைபேசியைப் பார்க்கிறார். பார்க்கட்டும், நான் முன்வரிசையில் தலையாட்டுகிறவரைப் பார்த்துப் பேசுகிறேன். பழைய படமேதான், ஆனால் அது பாதியில் அறுந்து நிற்பதில்லை. ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

எனக்கு இன்னொரு குறை: கண்ணை மூடினால் உருவம் தெளிவாக வராது, மங்கலாக ஏதோ தெரியும். ஆரம்பத்தில் இது நமக்குச் சரிப்படாது என்றே நினைத்தேன். மனக்கண்ணில் உருவமே தோன்றாதவர்களும் இருக்கிறார்கள். ஆடம் ஸீமன் குழுவினர் 2015இல் அந்த நிலைக்கு அஃபன்டேசியா என்று பெயர் வைத்தார்கள். நான் உருவத்தை விட்டுவிட்டு, மேசை விளிம்பின் குளிர்ச்சி, என் குரல், நாற்காலி நகரும் சத்தம் என்று பிடித்துக்கொண்டேன். எனக்கு இதுவே நன்றாக வேலை செய்கிறது.

பலன் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பயம் போகவில்லை, ஒரு வாரக் கலக்கம் ஒரு நாளாகக் குறைந்தது. நடுவில் ஒருமுறை, ஒத்திகை மனதிலேயே நடந்துவிட்டதே என்று வாய்விட்டுப் பேசிப் பார்க்காமல் போய் நன்றாக உளறினேன். அல்வாரோ பாஸ்குவல்-லியோன் 1995இல் வெளியிட்ட பியானோ ஆய்விலும் ஐந்து நாள் மனதிலேயே வாசித்தவர்கள் முன்னேறினார்கள்தான், ஆனால் விரலால் வாசித்தவர்களை எட்டவில்லை. அதனால் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறையாவது சத்தமாகப் பேசிவிடுகிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் வருடம் வீட்டில் ஒரு சாவு. அதன்பின் பல வாரங்கள் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை. அப்போது இந்தப் பயிற்சி எதற்கும் உதவவில்லை. நல்லதை நினை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது எரிச்சலைத்தான் கிளப்பியது. மனநல ஆலோசகரிடம் போனேன். இன்னும் முன்பே போயிருக்கலாம்.

போன மாதம் பேசும்போது பாதியில் மின்சாரம் போய்விட்டது. நான்கு வருடத்தில் ஒருநாளும் கற்பனை செய்து பார்க்காத காட்சி. இருட்டில் கை தானாகவே தண்ணீர்ப் புட்டியைத் தேடியது.