சோலாரா, சர்வீஸா? ராதாபுரம் பக்கத்துக் கிணறு ஒன்றின் கணக்கு

விவசாயிக்கு மானியத்தில் சோலார் பம்பு தரும் மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில் ஹரியானாவில் 75 சதவீதம் மானியம். மகாராஷ்டிரத்தில் விவசாயி 10 சதவீதம் கட்டினால் சோலார் பம்பு வந்துவிடும். நம் தமிழ்நாட்டில் பொதுப்பிரிவுக்கு மானியம் 60 சதவீதம். மத்திய அரசின் 30 சதவீதம் அங்கும் இங்கும் ஒன்றுதான். அதற்கு மேல் எவ்வளவு போடுவது என்பது அந்தந்த மாநிலத்தின் பாடு.

பார்த்தால் வயிறு எரியும். ஆனால் தனி சோலார் பம்பு தரும் பிரிவே முக்கியமாக டீசல் பம்பை ஒழிக்க வந்தது. இங்கே 1990 முதல் விவசாயக் கரண்டு இலவசம். ஆகவே சோலாருக்குப் போட்டி டீசல் இல்லை, இலவச சர்வீஸ், அதாவது மின்வாரியம் தரும் விவசாய மின் இணைப்பு. மாதச் செலவில் இரண்டும் சமம், அதைப் பேசிப் பயனில்லை.

சர்வீஸுக்கு வரிசையில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். பணம் கட்டி வரிசையைத் தாண்டும் தட்கலில் போனால் 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம். சோலாரில் என் பங்கு அதைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனாலும் என்னைச் சோலார் பக்கம் தள்ளியது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றான காயில்தான்.

எங்கள் சித்தப்பா தோட்டத்தில் சர்வீஸ் இருக்கிறது. லைன் கடைசியில் இருப்பதால் வோல்டேஜ் ஏறி இறங்கும். இரண்டு வருடத்தில் மூன்று முறை மோட்டார் கருகியது. போர் மோட்டாரை மேலே தூக்க ஆள், வண்டி, வைண்டிங் கூலி, அதற்குள் வாழை வாடும். "கரண்டு இலவசந்தான், காயிலு இலவசமாவே?" என்பார் வள்ளியூர் வைண்டிங் கடை அண்ணாச்சி. என் மோட்டாரை இதுவரை தூக்கவில்லை.

சோலாருக்கும் வேலை உண்டு. ஆனி, ஆடிக் காற்றில் தேரி மண் பேனலில் படியும். வாரம் ஒருமுறை விடியற்காலையில் கழுவ வேண்டும், விட்டால் தண்ணீர் குறைவது கண்ணுக்கே தெரியும். மயில் எச்சம் தனிக் கதை. ராத்திரி பாய்ச்ச முடியாது. எனக்கு அது நிம்மதி, பாம்புக்குப் பயந்து டார்ச்சோடு மடை திருப்ப வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இருக்காது, ஆனால் அப்போது மழை பெய்வதால் பம்பே தேவைப்படாது.

ஒருமுறை பேனல் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர் நின்றுபோய், கம்பெனி ஆள் வர ஒன்பது நாள் ஆனது. வைண்டிங் அண்ணாச்சிக்கு அதில் கை வைக்கத் தெரியாது. ஐந்து வருடப் பராமரிப்பு விலையிலேயே அடக்கம், எனக்கு ஓடியிருப்பது மூன்று. சித்தப்பா மாதிரி பத்து ஏக்கர் வைத்திருப்பவரிடம் சர்வீஸை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு ஏக்கர் வாழைக்கு, வரிசையில் நிற்பதைவிட இது மேல்.